‘விளையாடுறதுக்கு எதுக்குங்க பீஸ்?’

வெள்ளக்கோவில் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வீட்டை ஒட்டியே தறிக்கூடம். கணவனும் மனைவியுமாக ஓட்டுகிறார்கள். ஒன்பது வயதில் ஒரு மகன், கூடவே மாமியார். பதினொரு மாதத்துக்கு முன்னால் இவருடைய தங்கை ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதி அங்கேயே இறந்துவிட்டார். முன்னால் நின்றுகொண்டு வந்த மகள் கை முறிவோடு பிழைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. தகப்பன் அதற்கு முன்பே குடித்து, அடித்து, ஒருநாள் சொல்லாமல் கிளம்பிப் போனவர். தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய்க்கொண்டு, குழந்தையைக் கொஞ்ச நாள் பக்கத்து லைன் வீட்டில், கொஞ்ச நாள் ஊரில் அம்மாவிடம், கொஞ்ச நாள் கூட வேலை செய்யும் பெண்ணிடம் என்று மாற்றி மாற்றி விட்டிருக்கிறார். இப்போது பாப்பா பெரியம்மா வீட்டில்.

“நான் தூக்கினால் விறைத்துக்கொள்கிறாள். கையைத் தட்டிவிடுகிறாள், சில நேரம் கடிக்கிறாள். ஆனால் பாவு கொண்டுவரும் வண்டிக்காரர், சீட்டுப் பணம் வாங்க வருகிறவர் என்று யார் வந்தாலும் போய் மடியில் உட்கார்ந்துகொள்கிறாள். விழுந்து முட்டியில் ரத்தம் வந்தாலும் அழுவதில்லை. முறுக்கு, கடலை என்று எதையாவது தலகாணிக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். கரண்ட் போய் வந்து தறி ஓட ஆரம்பித்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுகிறாள். பொழுதன்னைக்கும் ஒரே விளையாட்டுதான். பொம்மை ஸ்கூட்டரை லாரியில் மோதவிட்டு ‘அவ்ளோதான்’ என்பாள். மறுபடியும் மோதவிடுவாள். எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. லாரியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்.”

மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டலாம் என்கிறார். கணவர், நாலு போட்டால் சரியாகிவிடும் என்கிறார். ஒரு சொந்தக்காரப் பெண், குழந்தை கத்திக் கதறி ஓயும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பாசம் தானாக வரும் என்று ஏதோ ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார். கோவையில் ஒரு மையத்தில் ‘பிளே தெரபி’ கொடுக்கிறார்களாம், ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். “விளையாடுறதுக்கு எதுக்குங்க பீஸ்? அதை நாங்களே வீட்டில் விளையாடிவிட மாட்டோமா?” என்பது இவருடைய முதல் கேள்வி. அம்மா ஊருக்குப் போயிருப்பதாகக் குழந்தையிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது சரியா என்பது இரண்டாவது. தகப்பன் திடீரென்று போன் செய்து, என் பிள்ளையை நான் கூட்டிப் போகிறேன் என்கிறார், என்ன செய்வது என்பது மூன்றாவது. வருகிற ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் முழுக்கப் பாப்பாவைப் பற்றியது. உங்கள் தங்கையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்தவர். பதினொரு மாதமாகத் தறியையும் பார்த்துக்கொண்டு, இந்தக் குழந்தையையும் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்து அழக்கூட நேரம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. வைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, பின்னால் வருகிறேன்.

பாசமில்லாத பிள்ளை இல்லை

“எவ்வளவு செய்தும் எங்கள் மேல் பாசமே வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

பயம் வந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது குழந்தைக்குப் பசி, தூக்கம் மாதிரி அடிப்படைத் தேவை. ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் இதை வலியுறுத்தினார். இன்றைக்குக் குழந்தை மனநலத் துறையில் பிணைப்பு என்று பேசுவதெல்லாம் அவரிடமிருந்து கிளைத்ததுதான். அழுதால் ஆள் வருகிறது, அதே ஆள் வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது: இந்தப் பழக்கத்தில்தான் குழந்தை பெரியவர்களை நம்பக் கற்றுக்கொள்கிறது.

பாப்பாவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய தகப்பனே பயமுறுத்துகிறவராகவும் இருந்தார். அதன் பிறகு கைகள் மாறிக்கொண்டே இருந்தன. மாறாமல் இருந்த ஒரே ஆள் அவள் கண் முன்னாலேயே போய்விட்டார். இனி யாரிடமாவது ஒட்டினால் அவரும் போய்விடுவார் என்றுதான் அந்த வயதுக்குப் புரியும். உங்கள் கையைத் தட்டிவிடுவது, உங்களிடம் ஒட்டிவிடுவோமோ என்ற பயம். வண்டிக்காரரைத் தட்டிவிடுவதில்லையே, கவனித்தீர்களா? அவர் போனால் அவளுக்கு நஷ்டமில்லை.

விருந்தாளிகள் இதைப் பார்த்து, பரவாயில்லையே, புள்ளை நல்லாப் பழகுதே என்று பாராட்டுவார்கள். தயவுசெய்து அதில் மயங்கிவிட வேண்டாம். யார் மடியிலும் ஏறும் குழந்தைக்கு ஆபத்து அதிகம். வருகிறவர்களிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: “பாப்பாவைத் தூக்க வேண்டாமுங்க, பேசினால் போதும்.” மடியும் தூக்குவதும் ஊட்டுவதும் இப்போதைக்கு வீட்டில் ஓரிருவரோடு நிற்கட்டும்.

விழுந்தும் அழாதது தைரியம் இல்லை. அழுது பயனில்லை என்று எப்போதோ முடிவு கட்டியிருக்கிறாள். அவள் அழாவிட்டாலும் நீங்கள் போய், “அடடா, முட்டியில வலிக்குமே” என்று கழுவி மருந்து போடுங்கள். தின்பண்டம் ஒளிப்பது திருட்டும் இல்லை. அடுத்த வேளைக்குக் கிடைக்குமா என்ற சந்தேகம்தான். ஒரு சின்ன டப்பா கொடுத்து, “இது உன்னோடது, காலியானா பெரியம்மா ரொப்பித் தருவேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி ரொப்பவும் வேண்டும்.

தறிச் சத்தத்துக்கு ஒளிவதற்குக் காரணம், திடீரென்று கிளம்பும் அந்த அதிர்வு அவள் உடம்புக்கு விபத்தாகவே தெரிகிறது. கரண்ட் வந்ததும் ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் ஒரு ஆள் அவளிடம் வந்து, “சாமி, இப்போ தறி ஓடப்போகுது, சத்தம் வரும், நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லட்டும். ஒரு நிமிஷ வேலைதான். தினமும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கே அடி நல்லதில்லை. இந்தப் பிள்ளைக்கு அது, பெரியவர்கள் இப்படித்தான் என்று அவள் கட்டிவைத்திருக்கும் முடிவை மறுபடியும் உறுதிப்படுத்தும். மாமியாரின் கயிறு இருக்கட்டும், அதில் கெடுதல் இல்லை. பயமுறுத்தி மந்திரிப்பது, வேப்பிலையால் அடிப்பது, ராத்திரி எங்காவது கூட்டிப்போவது மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் ‘பிணைப்புக் கோளாறு’ என்ற பெயரோடு நீளமான பட்டியல்கள் வரும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட வரையறையில் இது இரண்டு தனித்தனி நோய்களாக இருக்கிறது: யாரிடமும் ஒட்டாமல் ஒடுங்கிப்போவது ஒன்று, யாரென்று பாராமல் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. இரண்டுக்குமே கடுமையான பராமரிப்புக் குறை இருந்திருக்க வேண்டும். உங்கள் தங்கை ஷிப்டுக்கு நடுவில் தன்னால் முடிந்ததைச் செய்தவர். பாப்பாவிடம் இருப்பது விபத்தின் அதிர்ச்சியா, துக்கமா, பிணைப்புச் சிக்கலா, மூன்றும் கலந்ததா என்பதைக் கடிதத்தை வைத்து நான் முடிவு செய்ய முடியாது. காது கேட்கும் திறன், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்த பிறகே பெயர் வைக்க வேண்டும்.

அப்படியானால் அந்த 1,200 ரூபாய் எதற்கு?

நல்ல கேள்வி. பலரும் மனசுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமல் போகிற கேள்வி.

நாலு வயதுக் குழந்தையை உட்காரவைத்து, “உனக்கு என்னம்மா கஷ்டம்?” என்று கேட்டால் பதில் வராது. நடந்ததைச் சொல்ல அவளிடம் சொல் இல்லை. பொம்மையும் மண்ணும் இருக்கின்றன. 1920-களின் கடைசியில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் ஒரு மணல் தட்டும் குட்டிக் குட்டிப் பொம்மைகளும் வைத்துக் குழந்தைகள் கட்டும் உலகத்தைக் கவனித்தார். அமெரிக்காவில் 1940-களில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் விளையாட்டறையில் பெரியவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நெறிமுறைகள் வகுத்தார். வழியைக் குழந்தை காட்டட்டும், பெரியவர் பின்னால் போகட்டும், அவசரப்படுத்தக் கூடாது, அடிபடாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மட்டும் கட்டுப்பாடு. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். கேட்க எளிது. நாம் குழந்தையோடு உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிஷமே, “இது என்ன கலர்? எத்தனை இருக்குது எண்ணு பார்க்கலாம்?” என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவோம்.

நீங்கள் கொடுக்கும் பணம் விளையாட்டுச் சாமானுக்கு இல்லை. குழந்தையின் விளையாட்டு எங்கே நகர்கிறது, எங்கே மாட்டிக்கொண்டு சுற்றுகிறது என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு. அந்தக் கண் உண்மையிலேயே பயிற்சி பெற்றதாக இருந்தால் பணம் வீணில்லை.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியும் சரிதான். பாப்பாவுக்குப் பிணைப்பு வேண்டியது கோவையில் இருக்கும் தெரபிஸ்டோடு இல்லை, உங்களோடு. குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வெளியே நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, முக்கால் மணி நேரம் கழித்துக் கூட்டிக்கொண்டு வரும் ஏற்பாடு உங்கள் விஷயத்தில் அரைகுறை வைத்தியம். நீங்களும் அறைக்குள் இருக்கும் முறைகள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள்.

முதலாவது, பெற்றோருக்கே பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டே செய்யவைப்பது. 1960-களில் கெர்னி தம்பதியர் அமெரிக்காவில் தொடங்கிய வழி இது. பின்னால் இதைப் பத்து வாரப் பயிற்சியாகச் சுருக்கியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் வீட்டில் குழந்தையோடு விளையாட வேண்டும். 2005-ல் விளையாட்டு சிகிச்சை பற்றிய 93 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தெரபிஸ்ட் மட்டும் செய்ததைவிடப் பெற்றோர் பயிற்சி பெற்றுச் செய்ததில் பலன் அதிகமாகத் தெரிந்தது. அந்த ஆய்வுகள் எல்லாமே ஒரே தரம் இல்லை என்ற விமர்சனமும் உண்டு. இருந்தாலும் உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, அதிர்ச்சிக்கு ஆளான ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்றே அலிசியா லீபர்மனும் அவர் குழுவினரும் சான் பிரான்சிஸ்கோவில் வளர்த்தெடுத்த முறை. குழந்தையும் வளர்ப்பவரும் சேர்ந்தே வருவார்கள். விளையாட்டின் நடுவே விபத்தும் இறந்த அம்மாவும் பேச்சில் வருவார்கள். வளர்ப்பவரின் துக்கத்துக்கும் அங்கே இடம் உண்டு. வாராவாரம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் நடக்கும். வீட்டில் வன்முறையைப் பார்த்த குழந்தைகளிடம் முறையான ஒப்பீட்டு ஆய்வு செய்து பலன் கண்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் அதே பெயரில் கிடைப்பது அபூர்வம். ஆனால் அதன் உள்ளடக்கத்தை அறிந்த குழந்தை உளவியலாளரைக் கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவதாக, பெரியவர் முன்னின்று நடத்தும் தொடு விளையாட்டு. சிகாகோவில் 1960-களின் கடைசியில் உருவானது. கண்ணைப் பார்ப்பது, கைக்கு எண்ணெய் தடவுவது, ஊட்டுவது, தாலாட்டுவது. நம் வீட்டுப் பாட்டிமார் இதைப் பேரில்லாமலே செய்துவந்தார்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, நண்டூருது நரியூருது என்று அக்குள் வரைக்கும் விரலை ஓட்டுவது வேறென்ன? ஆனால் பாப்பா தொட்டாலே விறைக்கிறாள் என்பதால் இதை அவசரப்பட்டு ஆரம்பிக்க வேண்டாம். அவள் கையை நீட்டினால் உள்ளங்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்குள் வரை போகலாமா என்பது அவள் சிரிப்பைப் பார்த்தாலே தெரியும்.

இறுக்கிப் பிடிப்பது கூடவே கூடாது

அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். குழந்தை திமிறத் திமிற அழுத்திப் பிடித்தால் கடைசியில் அடங்கித்தான் போகும். அது பாசம் இல்லை, தோற்றுப்போய் ஓய்வது. இந்த வகை ‘சிகிச்சை’யில் 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூச்சுத் திணறி இறந்துபோனாள். 2006-ல் அந்த நாட்டின் குழந்தை வதைத் தடுப்பு வல்லுநர் குழு, பிணைப்பின் பேரில் குழந்தையை வலுக்கட்டாயமாகப் பிடித்து அடக்கும் எல்லா முறைகளையும் கைவிடச் சொன்னது. எந்த மையத்திலாவது இதைச் செய்வதாகத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள்.

லாரியைத் திருப்பிக் கொடுங்கள்

லாரியை ஒளித்து வைத்தது எதனால் என்று யோசித்துப் பாருங்கள். பாப்பா அந்த விளையாட்டில் அழுததாக நீங்கள் எழுதவில்லை. நடுங்கியது உங்கள் ஈரக்குலை. அதைத் தப்பு என்று சொல்லவில்லை. தங்கையின் சாவை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்க யாரால் முடியும்? ஆனால் அவளுக்கு நடந்ததைச் சொல்ல இருந்த ஒரே பொருள் அந்த லாரி. அதை எடுத்துவிட்டால், இந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் அவளுக்குப் போய்ச் சேரும்.

சரி, அப்படியே விட்டுவிடலாமா? அதுவும் இல்லை. 1976-ல் கலிபோர்னியாவில் சௌச்சில்லா என்ற ஊரில் ஒரு பள்ளிப் பேருந்தையே கடத்தி, 26 குழந்தைகளையும் ஓட்டுநரையும் மண்ணுக்கடியில் அடைத்து வைத்தார்கள். எல்லோரும் தப்பித்தார்கள். அந்தக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்த லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கண்டார். சாதாரண விளையாட்டு சந்தோஷமாக இருக்கும், மாறிக்கொண்டே இருக்கும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய விளையாட்டு சில குழந்தைகளிடம் ஒரே இடத்தில் சுற்றும்; சிரிப்பிருக்காது, விளையாடி முடித்தாலும் மனசு லேசாகாது.

ஆகவே லாரியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாரங்கள் போகப்போகக் கதையில் புதிதாக ஏதாவது நுழைகிறதா? ஆம்புலன்ஸ் வருகிறதா, யாராவது தூக்குகிறார்களா, பொம்மைக்குக் கட்டுப் போடுகிறாளா? அப்படியென்றால் அவளே ஆற்றிக்கொண்டிருக்கிறாள், குறுக்கே போக வேண்டாம். அதே மோதல், அதே ‘அவ்ளோதான்’, முகம் கல் மாதிரி, அப்புறம் ராத்திரி அலறல் என்று இருந்தால் அது மாட்டிக்கொண்ட விளையாட்டு. அதற்குப் பயிற்சி பெற்றவர் கட்டாயம் வேண்டும். நீங்களாக, “லாரிக்காரர் பிரேக் போட்டுட்டாரு, அம்மாவுக்கு ஒண்ணுமே ஆகல” என்று கதையை மாற்ற வேண்டாம். நடந்தது அதில்லை என்று அவளுக்குத் தெரியும். “லாரி டமால்னு இடிச்சிருச்சு. பாப்பா கீழே விழுந்துட்டா. பயமா இருந்திருக்கும்” என்ற அளவுக்குச் சொன்னால் போதும். நடுவில் உங்களுக்குக் கண்ணீர் வந்தால் மறைக்க வேண்டாம். “பெரியம்மாவுக்கும் அம்மா ஞாபகம் வந்திருச்சு” என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் ஒரு அரை மணி நேரம்

பயிற்சி பெற்றவர் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதை இந்த வாரமே தொடங்கலாம்.

நேரம்: வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம். தறி நிற்கிற நேரமாகப் பாருங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். மகன் அந்த அரை மணி நேரம் உங்கள் கணவரின் பொறுப்பு. அவனுக்கும் இதேபோல் தனியாக ஒரு நேரம் கொடுங்கள், இல்லாவிட்டால் புகைச்சல் கிளம்பும்.

சாமான்: ஒரு பையில் தனியாக எடுத்து வையுங்கள், அந்த நேரத்துக்கு மட்டும். சொப்புச் சாமான், ஒரு குழந்தைப் பொம்மை, பால் புட்டி, ஆண் பெண் பொம்மைகள், லாரி, ஸ்கூட்டர், ஆம்புலன்ஸ், டாக்டர் செட், மாடு நாய் புலி என்று சில மிருகங்கள், களிமண், கிரேயான், ஒரு துண்டு. விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். பேட்டரியில் பாடும் பொம்மை நிச்சயம் வேண்டாம், அது குழந்தையை வேடிக்கை பார்க்கவைக்கும்.

நீங்கள்: அவள் சொல்வதைச் செய்யுங்கள். கேள்வி கேட்காதீர்கள், சொல்லித்தராதீர்கள், “சமத்து” என்று மார்க் போடாதீர்கள். பார்ப்பதைச் சொல்லுங்கள்: “பொம்மைக்குச் சோறு ஊட்டுறே… இப்போ அதைத் தூக்கி வீசிட்டே, கோபமா இருக்குது.”

கட்டுப்பாடு: அடிக்கவோ கடிக்கவோ வந்தால் மூன்று படிகள். முதலில் மனசு, அப்புறம் எல்லை, அப்புறம் மாற்று. “உனக்குக் கோபம்னு தெரியுது கண்ணு. பெரியம்மாவைக் கடிக்கக் கூடாது. தலகாணியைக் கடிக்கலாம்.” குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும். பத்துத் தடவை சொல்ல வேண்டி வரும்.

முடிவு: ஐந்து நிமிஷம் முன்னால் சொல்லிவிடுங்கள். முடிந்ததும், அடுத்த வாரம் இதே நாள் விளையாடுவோம் என்று சொல்லி, சொன்னபடி வாருங்கள். நோம்பி, நல்லது கெட்டது என்று தவறிப்போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வேறு நாள் குறியுங்கள். இந்தக் குழந்தையிடம் சொன்ன சொல் தவறாமல் இருப்பதுதான் மருந்து, மற்றதெல்லாம் அதற்குத் துணை.

ஆரம்ப வாரங்களில் அவள் அதிகமாக அடம்பிடிக்கலாம், குட்டிப் பாப்பா மாதிரி மழலை பேசலாம், புட்டிப்பால் கேட்கலாம். பயப்பட வேண்டாம். நீங்கள் நிலைத்து நிற்பீர்களா என்று சோதிக்கிறாள். அவளை வளர்த்தவர்கள் மாறிமாறி இருந்த காலம் நீண்டது. மாற்றம் மாதக்கணக்கில்தான் தெரியும்.

அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்?

இல்லை சகோதரி, இதை மாற்ற வேண்டும். ஊருக்குப் போன அம்மா ஏன் தன்னைக் கூட்டிப்போகவில்லை, ஏன் போன்கூடச் செய்யவில்லை என்று அவள் யோசிப்பாள். தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் என்று முடிவுக்கு வருவாள். அந்த வயதுப் புத்தி அப்படித்தான் ஓடும். தூங்குகிறாள் என்று சொன்னால் தூங்கவே பயப்படுவாள். சாமி கூப்பிட்டுக்கொண்டது என்றால் சாமி மேலேயே பயம் வரும்.

நேராக, சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள்: “லாரி இடிச்சதுல அம்மாவுக்கு உடம்பு ரொம்ப அடிபட்டிருச்சு. டாக்டராலயும் சரிபண்ண முடியாத அளவுக்கு. அம்மா செத்துட்டாங்க. செத்துட்டா திரும்பி வர முடியாது. நீ எந்தத் தப்பும் பண்ணல. நாங்க உன்னைப் பார்த்துக்குவோம்.” நாலு வயதில் சாவு நிரந்தரம் என்பது முழுதாகப் புரியாது, நாளைக்கே, “அம்மா எப்போ வரும்?” என்று கேட்பாள். அதே பதிலை அதே பொறுமையோடு சொல்லுங்கள். உங்கள் அம்மாவும் மாமியாரும் இதே வார்த்தைகளைச் சொல்லும்படி முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தங்கையின் படம் ஒன்று அவள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

எங்கே போவது, என்ன கேட்பது

உங்களுக்குக் கோவையைவிடக் கரூரோ பெருந்துறையோ பக்கம். இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. முதல் மதிப்பீட்டை அங்கே மனநலப் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும் செலவில்லாமல் முடிக்கலாம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே இருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். வளர்ச்சி, காது, பேச்சு எல்லாம் பார்ப்பார்கள். போனில் பேச வேண்டுமென்றால் 14416, மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். உங்களுக்காகவும் பேசலாம்.

தனியார் மையத்துக்குப் போவதானால் தைரியமாகக் கேளுங்கள். இந்தியாவில் மருத்துவ உளவியலாளருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு உண்டு. பிளே தெரபிஸ்ட் என்ற பெயரை மட்டும் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். இரண்டு நாள் ஆன்லைன் வகுப்புச் சான்றிதழை பிரேம் போட்டு மாட்டியிருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அடிப்படைப் படிப்பு என்ன, விளையாட்டு சிகிச்சையில் எங்கே பயிற்சி, ஐந்து வயதுக்குக் கீழே அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்களா, என்னை உள்ளே சேர்ப்பீர்களா, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்னோடு தனியாகப் பேசுவீர்கள் என்று கேளுங்கள். பத்தே சிட்டிங்கில் குழந்தையைச் சரிசெய்து தருகிறோம் என்று உத்தரவாதம் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். வாராவாரம் 1,200 கட்டுப்படியாகாது என்றால் அதையும் சொல்லுங்கள். பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒருமுறை போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு மீதியை வீட்டில் செய்வது, வாராவாரம் குழந்தையை மட்டும் உள்ளே அனுப்புவதைவிட மேல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல கைகளில் வளர்ந்தவள். விளையாட்டிலோ பேச்சிலோ வயதுக்கு மீறிய பாலியல் விஷயம் ஏதாவது வெளிப்பட்டால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். “நீ சொன்னது நல்லது” என்று மட்டும் சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். தெரபிஸ்டுக்கும் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்கும் கடமை உண்டு.

தகப்பன் கேட்டால்

நான் வக்கீல் இல்லை; பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1956-ம் ஆண்டுச் சட்டப்படி இந்துக் குழந்தைக்கு உயிரோடு இருக்கும் தகப்பன் இயற்கைக் காப்பாளர். ஆகவே, எங்களிடம்தான் இருக்கிறாள், உனக்கு உரிமையே இல்லை என்று நீங்கள் சண்டை போடுவது நிற்காது. ஆனால் அதே சட்டம், குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்றும் சொல்கிறது. 1890-ம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் உங்களைக் காப்பாளராக நியமிக்கக் கேட்டு மனுப் போடலாம். பெண் என்பதால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. பழைய அடிதடிக்குப் போலீஸ் புகார், ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது தங்கையின் சாமானில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். குழந்தையை எங்காவது கொண்டுபோய் ஒளித்து வைக்க மட்டும் வேண்டாம். வழக்கும் கெடும், அவளுக்கு இன்னொரு வீடும் மாறும்.

அவர் திருந்தி உண்மையிலேயே பார்க்க விரும்பினால், உங்கள் முன்னிலையில், குடிக்காமல், முன்கூட்டிச் சொன்ன நேரத்தில், கொஞ்ச நேரம் என்று ஆரம்பிக்கலாம். பாப்பா அன்றைக்கும் அடுத்த நாளும் எப்படித் தூங்கினாள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெரபிஸ்டுக்கும் உதவும், கோர்ட்டுக்கும் உதவும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒருமுறை பதிவு செய்துகொள்ளுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவு நிதி இருக்கிறது. வருமான வரம்பு உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்று அங்கேயே சொல்வார்கள்.

எல்.கே.ஜி.

சேர்க்கலாம், ஆனால் வேனில் ஏற்றி அனுப்பிவிட வேண்டாம். ஸ்கூட்டரில் போகவும் பயப்படலாம். நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி இருந்தால், ஆங்கிலம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போகும்படி மிஸ்ஸிடம் கேளுங்கள். அவரிடம் முழுக்கதையும் சொல்ல வேண்டாம். அம்மா இறந்துவிட்டார், திடீர்ச் சத்தத்துக்குப் பயப்படுவாள், யார் கூப்பிட்டாலும் போய்விடுவாள், கூட்டிப்போக நானோ பெரியப்பாவோ மட்டும்தான் வருவோம் என்ற நான்கு விஷயங்களை எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். தலகாணிக்கு அடியில் இருக்கும் அந்த டப்பாவைப் பையில் வைத்து அனுப்பவும் மறக்க வேண்டாம்.